மனிதனைத் தூக்கப் பயிற்சி வேண்டாமா?

நமது நாட்டில் சுமை தூக்குவது என்பது வெகு சாதாரணமான காரியமாகக் கருதப்பட்டு வந்தபோதிலும், எந்தச் சுமையையும் எவரும் தம் இஷ்டப்படி தூக்கிவிடுவதில்லை. ஆரணி அரிசி ஆலையில் நெல் மூட்டை தூக்குகிற தொழிலாளித் தோழரைப் பாருங்கள். மூட்டையை எந்த மூலையில் பிடிப்பது, முதுகில் ஏற்றிவிட எத்தனை ஆள் வேண்டும், பலகையின் மேல் எப்படி அடி வைத்து ஏறுவது என்பவைகளையெல்லாம் ஒரு மூத்த தொழிலாளி அவருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் இருப்பார். பட்டுப் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிச் சுருட்டுகிறபோது யார் எந்த முனையில் நிற்பது, எப்படி எல்லோரும் ஒரே மாதிரி இழுப்பது என்பதற்கு முறை இருக்கிறது. இவைகள் ஒருபுறமிருக்க, கோயில் உற்சவத்தில் சாமி தூக்குகிறார்களே, அதற்குக்கூட ஸ்ரீபாதந்தாங்கிகள் என்று தனி ஆட்கள் உண்டு. உயரம் பார்த்து ஆள் நிறுத்துவதும், தோளுக்குச் சும்மாடு வைப்பதும், ஒரே அடியாக நடப்பதும், களைத்தவனுக்கு மாற்றாள் விடுவதும் ஆகிய எல்லா ஏற்பாடும் அதில் உண்டு.

கீழே விழுந்தாலும் வலி தெரியாத ஒரு விக்கிரகத்தைத் தூக்குவதற்கு இத்தனை பயிற்சி வேண்டியிருக்கிறது. ஆனால் வலி தெரிந்த, பயம் தெரிந்த, வெட்கம் தெரிந்த ஒரு மனிதனை, நோயால் படுத்துவிட்ட ஒரு தகப்பனையோ தாயையோ தூக்குவதற்கு மாத்திரம் யாதொரு பயிற்சியும் வேண்டியதில்லை என்றும், வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்தால் போதும் என்றும் நமது ஜனங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இதில் ஏதாவது அறிவுக்குப் பொருத்தம் இருக்கிறதா என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும் என்றே இதை எழுதுகின்றோம்.

நெசவுத் தெருவின் கணக்கு

ஆரணியிலாவது, அதைச் சுற்றியுள்ள சேவூர், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் முதலிய ஊர்களிலாவது உள்ள ஒரு நெசவாளி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரும் பங்கைத் தறியும் தறிக்குழியும் அடைத்துக்கொண்டிருக்கும். மிச்சம் கிடக்கிற இடத்தில் சுவரை ஒட்டி ஒரு தாழ்ந்த கட்டில். நாற்பது வருஷ காலம் குழித்தறியில் உட்கார்ந்து மிதித்தவர் ஒருவர், பாரிசவாயு என்னும் பக்கவாதத்தால் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கக்கூஸ் பின்கட்டில் இருக்கிறது; நடுவில் இரண்டு படி. மகன் வேலைக்கு வெளியே போய்விடுகிறான். ஐம்பத்தைந்து வயதுள்ள மனைவிதான் அவரைத் தூக்கவேண்டும், புரட்டவேண்டும், உட்காரவைக்கவேண்டும், கழுவவேண்டும். மத்தியில் தார் சுற்றுகிற வேலையையும் பார்க்கவேண்டும்.

அவர் 60 கிலோ எடை உள்ளவர் என்று வைப்போம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவைதான் அவரை அசைக்கவேண்டியிருக்கிறது என்று குறைத்தே கணக்குப் போடுவோம். ஒவ்வொரு தடவையும் அவர் பாரத்தில் பாதிதான் அந்த அம்மாள் மேல் விழுகிறது என்றும் வைப்போம். அப்படியானாலும் நாளொன்றுக்கு 300 கிலோ ஆகிறது. அதாவது 75 கிலோ மூட்டை நான்கு. வருஷத்திற்கு 1,460 மூட்டை. ஆலையில் இவ்வளவு மூட்டை தூக்குகிற தொழிலாளிக்குக் கூலி உண்டு, நாள் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், சங்கம் வைத்துக்கொள்ளலாம். இந்த அம்மாளுக்குக் கூலி இல்லை, விடுமுறை இல்லை, சங்கம் இல்லை, இரவில் தூக்கமும் இல்லை. இடுப்பு ஒடிந்துவிட்டதென்று சொன்னால், “புருஷனுக்குச் செய்வதைச் சுமை என்று சொல்லலாமா?” என்று கேட்பதற்கு மாத்திரம் நாலு பேர் இருக்கிறார்கள்!

மூட்டைக்கும் மனிதனுக்கும் வேறு ஒரு வித்தியாசமும் உண்டு. மூட்டையைத் தோளோடு அணைத்துத் தூக்கலாம். படுத்திருக்கிற மனிதனையோ குனிந்து, கையை நீட்டி, இடுப்பைத் திருகித் தூக்கவேண்டியிருக்கிறது. இது எவ்வளவு கெடுதல் என்பதை நமது பெண் மக்களுக்கு ஒருவரும் சொல்லவேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்தை அவர்கள் ஏன் இடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள்? அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்க யாராலாவது முடியுமா? பாரம் உடம்பை விட்டு விலக விலக, முதுகெலும்பின் மேல் விழுகிற அழுத்தம் பல மடங்காகப் பெருகுகிறது. எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கிற வட்டுகள் அந்த அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கிப் பிதுங்கி நரம்பை அழுத்துகின்றன. பிறகு முதலில் ஒருவர் படுத்திருந்த வீட்டில் இரண்டாவது ஒருவரும் படுக்கவேண்டியதாகிறது.

தூக்கப்படுகிறவர் பாடு

இவ்வளவு பாடுபட்டும் தூக்கப்படுகிறவருக்காவது சுகமுண்டா என்றால் அதுவும் இல்லை. விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறார்கள். பக்கவாதத்தில் தோளைச் சுற்றியுள்ள சதைகள் பலமற்றுப் போயிருப்பதால், அப்படி இழுக்கிறபோது தோள் எலும்பு தன் குழியைவிட்டு இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கையைத் தொட்டாலே அவர் அலறுகிறார். “நோய் முற்றிவிட்டது” என்று வீட்டார் சொல்லிக்கொள்கிறார்கள். நோய் ஒன்றும் முற்றவில்லை, இழுத்ததுதான் காரணம்.

படுக்கையில் சரிந்துவிட்டவரை அக்குளில் கைகொடுத்து விரிப்பின் மேலேயே தரதரவென்று மேலே இழுக்கிறார்கள். எலும்பு ஒருபுறம் போகிறது. விரிப்பில் ஒட்டிக்கொண்ட தோல் மறுபுறம் நிற்கிறது. நடுவில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் நைந்துபோகின்றன. மணிக்கணக்கில் ஒரே பக்கமாய்ப் படுக்கவைத்துவிட்டால், இடுப்பின் பின்புறமும் குதிகாலும் எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் அகப்பட்டு இரத்த ஓட்டமில்லாமல் செத்துப்போகின்றன. இதுதான் படுக்கைப்புண். இதைப் பார்த்துவிட்டு, ஏழரைச் சனி என்கிறவர்களும், பூர்வ ஜன்ம கர்மம் என்கிறவர்களும், “அவர் தலையெழுத்து” என்கிறவர்களும் இன்றைக்கும் இருக்கிறார்கள். நாம் சொல்லுகிறோம்: சனி பிடித்ததல்ல, சதை அழுந்தியது. சனிக்கு எள்விளக்குப் போடுவதற்குச் செலவாகும் நேரத்தில், வைத்தியரோ நர்ஸோ சொன்ன கால அளவுப்படி, சாதாரணமாக இரண்டு மணிக்கு ஒருதரம், அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் அநேக புண்கள் வரவே வராது. நர்ஸ் தொழிலுக்கு வழிகாட்டிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், இத்தகைய புண்களுக்குப் பெரும்பாலும் நோயைவிடக் கவனிப்பில் உள்ள குறையே காரணம் என்ற கருத்தை 1859-ம் வருஷத்தை ஒட்டியே எழுதிவைத்துவிட்டார். நூற்று அறுபது வருஷத்துக்கு மேலாகியும் நமது வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை என்றால், குற்றம் யாருடையது?

இவையெல்லாம் உடம்பைப் பற்றியது. மானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் நாலு பேருக்குத் தறி சொல்லிக்கொடுத்தவர், ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் மூட்டையைப் புரட்டுகிற மாதிரி தம்மைப் புரட்டுகிறபோது என்ன நினைப்பார்? “இப்போது உங்களைத் திருப்பப் போகிறேன், இந்தக் காலை மடக்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லுவதற்கு ஒரு தம்படி செலவு உண்டா? நோய் வந்தவுடன் மனிதனுக்குச் சுயமரியாதை போய்விடுகிறது என்று யார் சொன்னார்கள்?

முறை என்பது என்ன?

முறை ஒன்றும் மந்திரமல்ல. முதலாவது, தூக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது. பெரும்பாலான சமயங்களில் தூக்கவேண்டியதே இல்லை. உருட்டலாம், நகர்த்தலாம், அவராகவே எழும்படி துணைசெய்யலாம். இரண்டாவது, செய்யப்போவதை அவரிடம் சொல்லி, அவரால் ஆனதை அவரையே செய்யவிடுவது. நல்ல காலால் அவர் ஒரு உதை உதைத்தால், நம் இடுப்பில் அவ்வளவு பாரம் குறைகிறது. அவருடைய பலமும் வளர்கிறது. மூன்றாவது, கிட்டே போய், கால்களை அகல வைத்து, முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமலும் திருகாமலும் நின்று செய்வது. நான்காவது, கையையோ அக்குளையோ பிடித்து ஒருக்காலும் இழுக்காமலிருப்பது. அவர் நம் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாமலிருப்பது.

பக்கம் திருப்புவதானால், அவருடைய ஒரு முழங்காலை மடக்கி நிறுத்தி, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து உருட்டினால் போதும். படுக்கையில் மேலே நகர்த்துவதானால், அடியில் ஒரு வழுக்குத் துணியை இரட்டையாக மடித்துப் போட்டு இரண்டு பேராக நகர்த்தவேண்டும். எந்தத் துணி வழுக்கும், எந்தத் துணி பிடிக்கும் என்பதை ஆரணிக்காரர்களுக்கு வேறு ஊரான் வந்து சொல்லவேண்டியதில்லையல்லவா? எழுப்பி நாற்காலிக்கு மாற்றுவதானால், நாற்காலியை அவருடைய பலமுள்ள பக்கத்தில் போட்டு, சக்கரம் உள்ளதானால் தடையைப் போட்டுவிட்டு, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து முன்னால் சாய்ந்து எழும்படி சொல்லி, இடுப்பில் கட்டிய அகலமான பட்டையைப் பிடித்துத் துணைசெய்யவேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால், அசையாத மரக்கட்டைகளை நான்கு கால்களிலும் உறுதியாகக் கொடுத்து உயர்த்தி, கவனிக்கிறவர் குனியாமல் வேலைசெய்யும்படி செய்யலாம். காலில் கொஞ்சங்கூடப் பாரம் தாங்கமுடியாதவரை வெறுங்கையால் தூக்கவே கூடாது. அதற்குத் தூக்குக் கருவி வேண்டும். விழப்போகிறவரை அந்தரத்தில் தாங்கிப் பிடிக்க முயன்று இருவரும் விழுவதைவிட, தலையில் அடிபடாமல் மெதுவாகத் தரையில் சரியவிட்டு ஆள் கூப்பிடுவது மேல்.

இதைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு யாரும் உடனே கட்டிலருகே போய்விடவேண்டாம் என்றும் சொல்லிவைக்கிறோம். நீச்சலைப் புஸ்தகத்தில் படித்துவிட்டுக் கமண்டல நாக நதி வெள்ளத்தில் குதிப்பவனுக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆகும். கையால் காட்டுகிற ஒருவர் வேண்டும். நமது விவகாரமே அந்த ஒருவரைப் பற்றியதுதான்.

சட்டம் யாரைப் பார்க்கிறது?

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-வது பிரிவு, தொழிற்சாலையில் யாரையும் காயம் உண்டாகக்கூடிய அளவு பாரத்தைத் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ வைக்கக்கூடாது என்று சொல்லிவந்தது. நல்ல சட்டம். ஆனால் அது தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது. இங்கிலாந்தில் 1992-ல் ஏற்பட்டு 1993 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த விதிகள், ஆபத்தான கைத்தூக்கலைக் கூடியமட்டும் தவிர்க்கவேண்டியது வேலை வாங்குகிறவர் கடமை என்று வைத்தன; மனிதனைத் தூக்குவதும் அதில் அடக்கம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணம் 2005-லும், வாஷிங்டன் மாகாணம் 2006-லும் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் பத்திரமாகத் தூக்குவதற்கென்றே சட்டம் செய்தன. அந்நாட்டு சர்க்காரின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் என்பவர் 2007-ல் கணக்கிட்டு, நோயாளியைத் தூக்குகிற விஷயத்தில், மிகவும் சாதகமான நிலைமையிலும் ஒருவர் கையால் தாங்கக்கூடிய பாரம் 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோதான் என்று சொன்னார். நமது நெசவுத் தெரு அம்மாள் தூக்குகிற 30 கிலோவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நமது நாட்டில் 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், கூலி வாங்கியோ வாங்காமலோ மாற்றுத் திறனாளிக்குப் பராமரிப்புச் செய்கிற எவரும், பெற்றோரும் குடும்பத்தாரும் உள்பட, ‘பராமரிப்பாளர்’ என்று பெயர் கொடுத்திருக்கிறது. பெயர் கொடுத்தது நல்லது. பெயர் மாத்திரம் கொடுத்து இடுப்பைக் காப்பாற்றமுடியுமா என்பதுதான் நமது கேள்வி.

வித்தை தூரத்தில் இல்லை

இந்த வித்தை ஏதோ கடல் தாண்டித்தான் இருக்கிறதென்று யாரும் நினைக்கவேண்டியதில்லை. ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் வேலூர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராயிருந்த மேரி வர்கீஸ் அம்மையார், 1954-ல் நடந்த ஒரு மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியில்லாமல் போனவர். தலைவிதி என்று அவர் படுத்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு வைத்தியம் கற்றுத் திரும்பினார். அந்தக் கல்லூரியின் சார்பில் பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் ஏற்பட்டதற்கு அவரே முன்னின்றார். 1972-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். மத விஷயத்தில் அந்த ஸ்தாபனத்தாருக்கும் நமக்கும் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் தூக்கப்படுகிறவர் நிலைமையிலிருந்தே ஒருவர் வைத்தியராக நின்று காட்டியது, ஆயிரம் பிரசங்கத்துக்குச் சமானம் என்பதில் சந்தேகமில்லை.

மேற்கே பாருங்கள். கோழிக்கோட்டில் 1993-ல் வலி தணிப்பு வைத்தியம் ஒரு சிறு சிகிச்சை நிலையமாகத் தொடங்கி, பிறகு மலப்புரம் முதலிய இடங்களில் ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, படுத்த படுக்கையாய் இருப்பவர்களின் வீடு தேடிப் போகிற ஏற்பாடாக வளர்ந்தது. 2008-ல் கேரள சர்க்கார் அதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. அங்கே போகிறவர்கள் பெரிய படிப்பாளிகள் அல்ல. கடைக்காரர், ஆசிரியர், கூலிக்காரர், வீட்டிலிருக்கும் பெண்கள்.

நமது தமிழ்நாட்டிலும் 5-8-2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டபோது, சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதோடு, படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கு நோய் தணிப்பு நர்ஸும், இயன்முறைப் பயிற்சி கொடுப்பவரும் போவதும் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாக எடுத்தார்கள். வீட்டு வாசலுக்கு வைத்தியம் வந்தது பெரிய காரியம். அதை நாம் மனதாரப் பாராட்டுகிறோம்.

செய்கிறவர் போதாது, சொல்லிக்கொடுக்கிறவர் வேண்டும்

ஆனால் நாம் கவனிக்கவேண்டியது என்னவென்றால், இயன்முறைப் பயிற்சியாளர் வந்து அரைமணி நேரம் இருப்பார். நாளுக்கு 24 மணி நேரம். மீதி இருபத்துமூன்றரை மணி நேரமும் தூக்குகிறவர் அந்த அம்மாள்தானே? வந்தவர் தாமே தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போனால், அன்று ஒரு தடவைப் பாரம் குறைந்தது, அவ்வளவுதான். அந்த அம்மாளின் கையில் வித்தையை வைத்துவிட்டுப் போனால், அடுத்த ஆயிரம் தடவையும் குறையும். அவர் அதைத் தம் மகனுக்கும், பக்கத்து வீட்டுக்காரிக்கும் காட்டினால் தெருவுக்கே குறையும்.

ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்கு ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்’ முதலிய பெயர்களில் இப்போது படிப்புகள் இருக்கின்றன. நோயாளியை இடம் மாற்றுவதும் அவைகளில் ஒரு பாடமாக இருக்கிறது. ஆனால் செய்யத் தெரிந்தவரெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் ஆகிவிடமாட்டார். இதை நெசவாளிகளைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? ஒரு பையன் முதலில் தார் சுற்றுகிறான். பிறகு தறிக்குப் பக்கத்தில் நின்று ஒத்தாசை செய்கிறான். அதற்குப் பிறகுதான் குழியில் கால் வைக்கிறான். அறுந்த இழையைப் பிணைக்கிற விதத்தை மூத்தவர் தம் விரலால் காட்டுகிறார். பிறகு அவன் விரலைப் பிடித்துச் செய்விக்கிறார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்க்கிறார். பிழை வந்தால் அவிழ்த்து மறுபடியும் செய்யச் சொல்லுகிறார். இந்தக் கடைசி இரண்டும்தான் கஷ்டமான வேலை. தாமே செய்துவிட்டால் சீக்கிரம் முடியுமே என்ற ஆசையை அடக்கிக்கொள்கிறவர்தான் ஆசான்.

ஆகவே பராமரிப்பு வேலைக்காரர்களுக்குத் தூக்கச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்தாமல், தூக்கச் சொல்லிக்கொடுக்கவும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவதாகும். அப்படிப் பயிற்சி பெறுகிறவர் முதலில் தாமே கட்டிலில் படுத்து, மற்றவர்களால் புரட்டப்பட்டு, நாற்காலிக்கு மாற்றப்பட்டுப் பார்க்கவேண்டும். பிடித்த கை எங்கே வலிக்கிறது, சொல்லாமல் தூக்கினால் எப்படி வயிறு கலங்குகிறது என்பது அப்போதுதான் விளங்கும். பிறகு அவர் ஆஸ்பத்திரியில் உள்ள கட்டிலில் அல்ல, தறி அடைத்துக்கொண்ட வீட்டில், இரண்டு படி தாண்டிய கக்கூஸில், அந்த வீட்டில் உள்ள விரிப்பையும் நாற்காலியையும் கொண்டே செய்துகாட்டப் பழகவேண்டும். வீட்டுக்காரர் செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகே “கற்றுக்கொண்டார்” என்று எழுதவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போய்ப் பார்க்கவேண்டும்.

இங்கே ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், “இப்படிக் குனி, அப்படி நிமிர்” என்று பாடம் நடத்துவதால் மாத்திரம் முதுகுவலி குறைந்ததாக ருஜுவாகவில்லை என்று கண்டிருக்கிறார்கள். அப்படியானால் பயிற்சி வீண்தானே என்று சிலர் கேட்கலாம். அப்படியல்ல. வாய்ப்பாடம் வீண் என்பதே அதன் அர்த்தம். கட்டிலின் உயரம், கருவி, இரண்டாவது ஆள், இந்த நோயாளிக்கு எது முடியும் எது முடியாது என்று பார்க்கிற கண் ஆகிய இவைகளும் சேர்ந்தால்தான் பலன். அந்தக் கண்ணைக் கொடுப்பதே நல்ல பயிற்சி. “இவரை ஒருவராகத் தூக்கக்கூடாது; கருவி கொண்டுவாருங்கள்” என்று சொல்லுகிற துணிவும் அந்தப் பயிற்சியில் அடங்கவேண்டும்.

ஆட்சேபணைகள்

“எங்கள் பாட்டி இப்படித்தானே தூக்கினாள்?” என்பார்கள் சிலர். ஆம், அந்தப் பாட்டி கடைசிக் காலத்தில் கூனி நடந்தாரே, அதையும் நினைத்துப்பாருங்கள்.

“இது பெண்கள் தர்மம்” என்பார்கள் வேறு சிலர். ஆணுக்குத்தான் தோளில் பலம் அதிகம் என்று மற்ற நாளெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்துவிட்டு, தூக்கவேண்டிய சமயம் வந்தால் மாத்திரம் பெண்ணுக்குத் தர்மம் போதிப்பது எவ்வளவு யோக்கியமான பேச்சு? ஆண்பிள்ளைகள் இந்தப் பயிற்சிக்கு வராவிட்டால், பயிற்சியே பெண்ணின் விலங்கில் இன்னொரு கண்ணியாகிவிடும் என்று எச்சரிக்கை செய்கின்றோம்.

“மலமூத்திரம் தொடுகிற வேலை, அதை இன்ன ஜாதியார்தான் செய்வது” என்ற எண்ணமும் பலர் மனதின் அடியில் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் ஆயாவாகவும், வீட்டில் பராமரிப்பு ஆளாகவும் வருகிறவர்களுக்குப் பெயரும் மரியாதையும் சரியான கூலியும் இல்லாமல் போனதற்கு இந்த எண்ணமே பெரிய காரணம். உடம்பைத் தொடுகிற வேலை இழிவு என்றால் வைத்தியர் தொழில் எப்படி உயர்வாயிற்று? மனிதனைப் பத்திரமாகத் தூக்குவது கற்று அறியவேண்டிய ஒரு தொழில் என்று நாம் ஒப்புக்கொண்டவுடனே, அதைச் செய்கிறவர் தொழிலாளி, அதைச் சொல்லிக்கொடுக்கிறவர் ஆசிரியர் என்றும் ஒப்புக்கொண்டே தீரவேண்டும். அதற்கேற்ற கூலியும் கொடுத்தே தீரவேண்டும்.

செய்யக்கூடியது

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம். முதலில் வேண்டியது பெரும் பணமல்ல, ஏற்பாடு. ஆரணியிலும் சுற்றூர்களிலும் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, மகளிர் குழுக்கள் இருக்கின்றன, நகராட்சி இருக்கிறது. ஒவ்வொரு நெசவுத் தெருவிலும் ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பேரைத் தேர்ந்து, தேர்ந்த இயன்முறைப் பயிற்சியாளர்களைக் கொண்டு சொல்லிக்கொடுக்கும் பயிற்சி அளிக்கலாம். ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு தூக்குக் கருவி, இரண்டு சக்கர நாற்காலி, மலம் கழிக்கும் நாற்காலி, இடுப்புப் பட்டைகள், வழுக்குத் துணிகள் வாங்கிவைத்து, நூலகத்தில் புஸ்தகம் கொடுப்பதுபோல் வீடுகளுக்கு இரவல் கொடுக்கலாம். மாதம் ஒரு விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் சங்கக் கட்டடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, கல்யாணமான ஆண்கள் பெண்கள் எல்லோரும் வந்து பழகும்படி செய்யலாம். வீட்டில் ஒருவர் விழுந்த பிறகு கற்றுக்கொள்ள ஓடுவதைவிட, விழுவதற்கு முன்பே கற்றிருப்பது புத்திசாலித்தனமல்லவா?

நமது தறிகளில் நெய்கிற ஒரு புடவையில் ஓர் இழை அறுந்தால், அதைக் கண்டுபிடித்துப் பிணைக்காமல் அடுத்த ஊடையை ஓட்டுவதில்லை. அவ்வளவு நுட்பமும் பொறுமையும் உள்ள கைகள் நமக்கு இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு ஒரு மனிதனைப் பத்திரமாகப் புரட்டவும் எழுப்பவும் சொல்லிக்கொடுக்க ஆள்தான் இல்லை. அந்த ஆளை உண்டாக்குவதற்கு யாதொரு தெய்வமும் வரப்போவதில்லை. சங்கங்களும், குழுக்களும், நகராட்சியும், அவைகளுக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய ஜனங்களும்தான் உண்டாக்கவேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் நமது தோழர்கள் எழுந்து இதைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவருவார்களா?